எண் இடப்படாத கடிதம்

அமைச்சர் அலுவலகத்தின் தரைத்தளத்தில், படிக்கட்டை ஒட்டிய அறையில், இருபத்தொன்பது ஆண்டுகளாக ஒரே நாற்காலியில் அமர்ந்திருந்த பெண்மணியை எல்லோரும் முத்திரையம்மா என்றே அழைத்தனர். அக்கட்டடத்திலிருந்து வெளியேறும் கடிதம் எதுவாயினும் அவர் மேசையைக் கடந்தாக வேண்டும். பதிவேட்டில் ஏற்றி, அனுப்புகை எண் இட்ட பிறகே முத்திரை குத்துவார். எண் பெறாத கடிதம், அரசைப் பொறுத்தவரை, பிறக்காத கடிதம். எவர் அவசரப்படுத்தினாலும் அம்மா மசியமாட்டார் என்று பெயர். ஒரே ஒருமுறைதான் மசிந்தார்.

சென்ற ஆண்டு ஆலைத் தொழிலாளர்கள், கொதிகலன்களை முதலாளியின் ஆள் அல்லாமல் அரசு ஆய்வாளரே சோதிக்க வேண்டும் என்று கேட்டு வாயிலில் அமர்ந்தார்கள். 'ஆவன செய்யப்படும்' என்றொரு கடிதத்தை அமைச்சரின் செயலர் கொண்டுவந்தார். எண்ணைப் பிறகு இட்டுக்கொள்ளலாம் என்றார். அம்மா நம்பி முத்திரை குத்தினார். கூட்டம் கலைந்தது. இரண்டு மாதம் கழித்து அதே கடிதத்தோடு வந்தவர்களிடம், அப்படியொரு கடிதம் பதிவில் இல்லை என்று சொல்ல நேர்ந்ததும் அவருக்குத்தான். அடுத்த வாரம் ஓர் ஆலையில் கொதிகலன் வெடித்து நால்வர் மாண்டார்கள். அங்கே வேலை பார்த்த அம்மாவின் தங்கை உயிர் பிழைத்தாள். வலக்கை முழங்கை வரை வெந்துபோயிற்று.

"உன் முத்திரைதானேக்கா அது?" என்று மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி கேட்டாள். மறுமுறை கேட்கவில்லை. அதுதான் அம்மாவை அரித்தது.

இப்போது தொழிலாளர்கள் அதே கோரிக்கையோடு மீண்டும் வாயிலில் கூடியிருந்தார்கள். ஒன்பதாம் நாள், சாலை முழுவதும் தலைகள், முன்வரிசையில் தங்கை. நான்கு மணிக்குள் எழாவிட்டால் அப்புறப்படுத்துவோம் என்று காவல்துறையின் ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருந்தது.

மூன்றேகாலுக்குச் செயலர் வந்தார்.

"சட்டுனு ஒரு முத்திரை குத்திக் குடுங்கம்மா. நம்பரை அப்புறம் பாத்துக்கலாம்."

அம்மா படித்தார். அதே 'ஆவன செய்யப்படும்'.

"நம்பர் போடாம குத்தமாட்டேன் சார்."

"போன வருஷம் குத்தினீங்களே?"

"குத்தினேன். அதனாலதான் சொல்றேன். எந்த ஃபைல்ல இருந்து வருதுன்னு சொல்லுங்க, இப்பவே போட்டுடறேன்."

கோப்பென்று ஒன்று இருந்தால்தானே சொல்வார்.

"ரிட்டயர் ஆக எத்தனை மாசம்?" என்றார் செயலர்.

"ஏழு."

"அந்த ஏழு மாசத்தை எங்க உக்காந்து கழிக்கணும்னு யோசிச்சுக்குங்க."

சொல்லிவிட்டு முத்திரைக்கட்டையைத் தாமே எடுத்துக் கடிதத்தில் குத்திக்கொண்டு வாயிலை நோக்கி நடந்தார். அம்மா எழுந்து பின்தொடர்ந்தார்.

"லெட்டர் வந்தாச்சு, எந்திரிங்கப்பா" என்றது ஒரு குரல்.

"கால் மரத்துப்போச்சு, எந்திரிக்கவும் ஒரு ஆர்டர் வாங்கிட்டு வா" என்றது இன்னொன்று. பலர் சிரித்தபடியே எழத் தொடங்கினார்கள்.

தங்கை இடக்கையால் கடிதத்தை வாங்கி, முத்திரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கம்பிக்கதவுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள்.

"அக்கா, இது உன் பதிவேட்டுல இருக்கா?"

செயலரும் திரும்பிப் பார்த்தார். 'இருக்கு' என்று சொன்னால் எல்லோரும் அடிபடாமல் வீடு போய்ச் சேர்வார்கள், வேலைக்கும் பழுதில்லை. 'இல்லை' என்றால் தடி முதலில் விழப்போவது அந்த வெந்த கையின் மேல்.

"இல்ல."

அந்த ஒரு சொல் வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. "இல்லையாம்... பதிவுல இல்லையாம்." எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

நான்கு அடித்தது. காவலர்கள் தடிகளைக் கையில் எடுத்தார்கள். அந்நேரம் ஆலைகளில் முறை மாறும் சங்கு ஊதிற்று. பகல்முறை முடித்தவர்கள், எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு, வீட்டுக்குப் போகாமல் நேரே சாலைக்கு வந்தார்கள். இருபுறத் தெருக்களும் அடைத்துக்கொண்டன. காவல் அதிகாரி தொலைபேசியில், "சார், இத்தனை பேரை ஏத்த வண்டியும் இல்ல, இறக்க இடமும் இல்ல" என்றார். மறுமுனை என்ன சொல்லிற்றோ, தடிகள் தாழ்ந்தன. மாடியில் அமைச்சர் அறையின் திரைச்சீலை இரண்டுமுறை விலகி மூடியது.

ஐந்தரைக்குச் செயலர் வேறொரு தாளை மேசைமேல் வைத்தார். கோப்பு எண் இருந்தது. அமைச்சரின் கையொப்பம் இருந்தது. அரசு ஆய்வாளரின் சான்று பெறாத கொதிகலனை இன்று முதல் இயக்கக் கூடாது.

"நகல் யார் யாருக்கு சார்?"

"அதெல்லாம் நாளைக்கு..." வெளியே இரைச்சல் உயர்ந்தது. "எல்லா ஆய்வாளருக்கும் போடுங்க."

அம்மா எழுதினார். அவசரத்தில் பிசகிய ஓர் இலக்கத்தை அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டார்.

மூன்றாம் நாள் அம்மாவைப் பழைய கோப்புக் கிடங்குக்கு மாற்றினார்கள். சன்னல் இல்லாத அறை. அடுக்கின் மேல் அடுக்காகத் தூசி. அங்கே அவர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தபோது தங்கையின் அழைப்பு வந்தது.

"வேலைக்குப் போகலையா நீ?"

"எங்க போக? வெடிச்சதுக்குப் பதிலா வெச்ச புதுக் கொதிகலனையும் பிரிச்சுப் போட்டுட்டாங்க. இருபது நாள் ஆகுமாம்."

"ஏன், அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"உள்ள எட்டிப் பார்த்த ஆய்வாளர் வெளிய வந்ததும் குடிக்கத் தண்ணி கேட்டாராம்க்கா."