ஆவிகளைப் பகுத்தறிந்த எட்வின் பிரதர்

எட்வின் பிரதர் போய்விட்டார். ஹார்ட் அட்டாக். நேற்றுப் பின்னேரம் அடக்கமும் முடிந்தது.

காலையிலிருந்து எல்லாரும் அவர் போட்டோவைப் போட்டு "விசுவாச வீரர்" என்று எழுதுகிறீர்கள். சரி... நானும் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: பாண்டிருப்பில் எங்கள் சபை மூப்பர். தமிழில் கிறிஸ்தவ ப்ளாக் எழுதியவர். யார் கள்ளப் போதகர், எந்த ஊழியம் பிசாசினுடையது, எந்தப் பாட்டில் உபதேசப் பிழை, எல்லாம் பிரித்துப் பிரித்து வைப்பார். தனக்குப் பகுத்தறியும் வரம் இருக்கிறது என்று அவரே சொல்லுவார். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

டைப் பண்ணுவது கல்முனை பஜாரில் ஒரு முஸ்லிம் நானாவின் நெட் கடையில். ஈசா நபியா, தேவகுமாரனா என்று இரண்டு பேரும் மணிக்கணக்காக வாதாடிவிட்டு ஒன்றாகப் பிளேன்டீ குடிப்பார்கள். வாதத்தில் மனுசன் கெட்டிக்காரன், அதை மறுக்க மாட்டேன்.

எங்கள் சபையில் ஞானஸ்நானம் கடலில்தான். அதற்கு முன் எட்வின் பிரதர் வைக்கும் பரீட்சையில் பாஸ் பண்ண வேண்டும்.

அக்காவின் மகன் ரொஷானுக்கு அப்போது பதினொரு வயது. தானாகவே வந்து ஞானஸ்நானம் கேட்டான். இயேசு உனக்காக ஏன் மரித்தார் என்று பிரதர் கேட்டார். "அவருக்கு என்னில விருப்பம்" என்றான்.

பதில் போதாதாம்... பாவம் என்ற சொல்லே வரவில்லையாம். அடுத்த வருசம் பார்ப்போம் என்று திருப்பி அனுப்பினார்.

அந்த வருசம் நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் சுனாமி வந்தது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். கையுறைகூட இல்லாமல் பிணங்களைப் புரட்டிப் புரட்டி பிரதரும் ரொஷானைத் தேடினார். கிடைக்கவில்லை. அழுதார்.

முகாமில் அக்கா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பிரதர், என்ட புள்ள ஆண்டவரிட்டத்தானே இரிக்கான்?"

ஓம் என்று ஒரு சொல் போதும் அவளுக்கு. உறுதியாகச் சொல்ல ஏலாது சிஸ்டர் என்றார்.

அதோடு விட்டாரா? ப்ளாக்கில் போட்டார். 'ஒரு தாயின் கேள்வி' என்று தலைப்பு. பதினொரு வயது பொறுப்பு அறியும் வயது, விசுவாச அறிக்கை இல்லாதவனுக்குப் பரலோக நிச்சயம் கொடுப்பது கள்ளப் போதனை, கண்ணீருக்காகச் சத்தியத்தை வளைக்க மாட்டேன்... கனடாவிலிருந்தெல்லாம் ஆமென் ஆமென் என்று கமென்ட்.

நெட் கடை நானா அவரிடம், "அல்லாட தீர்ப்ப நீங்க ஏன் பிரதர் சொல்லுற?" என்று கேட்டாராம். அன்றைக்கு மட்டும் பிரதர் வாதாடாமல் எழும்பிப் போனாராம்.

ஆனால் போஸ்ட்டை எடுக்கவில்லை. 2009-இல் யுத்தம் முடிந்த கிழமை, வன்னியில் செத்தவர்களைப் பற்றியும் அதே மாதிரி ஒன்று எழுதினார்.

அக்கா அத்தனை வருசமும் சபைக்குப் போனாள். கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பாள்... என்றைக்காவது மனம் மாறி அந்த ஓமைச் சொல்லுவார் என்று.

நேற்று அடக்க ஆராதனையில், மட்டக்களப்பிலிருந்து வந்த பாஸ்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, நம் சகோதரன் இப்போது ஆண்டவருடைய சமுகத்தில் இருக்கிறார், சந்தேகமே வேண்டாம் என்றார். எல்லாரும் ஆமென்.

அக்கா எழும்பினாள். சத்தம் போடவில்லை.

"பாஸ்டர், அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பாஸ்டர் தடுமாறிப்போய், "நாங்க நம்புறம் சிஸ்டர்" என்றார்.

"அப்ப என்ட புள்ளைக்கு மட்டும் ஏன் நம்ப ஏலாமப் போச்சு?"

பிரதரின் மனைவி பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்குச் சந்தோசமாக இருந்தது. அந்த மனுசி அழுவதைப் பார்க்கவும் சந்தோசமாகத்தான் இருந்தது. அன்ஃப்ரெண்ட் பண்ணுகிறவர்கள் பண்ணலாம்.

போய்ச் சேருங்கள் பிரதர்... எங்கே என்று நான் எழுத மாட்டேன்.