இடது பின்பக்க ஸ்பீக்கர்

எனக்குச் சண்டைப் படம் என்றால் உயிர். எலும்பு முறிகிற சத்தம் சுத்தமாகக் கேட்க வேண்டும். பின்னாலிருந்து ஒருத்தன் நாற்காலியை ஓங்கினால் என் பிடரி சிலிர்க்க வேண்டும். அதற்காகவே, கூடுவாஞ்சேரியில் வீடு காலி செய்த ஆபீஸ் தோழியிடமிருந்து ஐந்து ஸ்பீக்கரும் ஒரு ஊஃபரும் வாங்கி, கேளம்பாக்கத்தில் என் ஃபிளாட்டுக்கு ஏற்றி வந்தேன். என் லேப்டாப்பில் இருப்பதோ ஹெட்போனுக்கான ஒற்றை ஓட்டை. ஆகவே யுஎஸ்பியில் செருகுகிற சவுண்ட் கார்டு ஒன்றும் வாங்கினேன். சனியன் அங்கிருந்துதான் பிடித்தது.

பின்பக்க ஸ்பீக்கர் இரண்டையும் பக்கத்து வீட்டுக்கும் எனக்கும் பொதுவான சுவரில் மாட்டினேன். அந்தச் சுவருக்கு அந்தப்புறம் ஒருத்தன் பெண்டாட்டியைப் போட்டு அடிப்பான். பிளாக் முழுக்கத் தெரியும். அவன் ஆரம்பித்ததும் எங்கள் பிளாக்கில் ஒரு வழக்கம் உண்டு. எதிர்வீட்டில் டிவி சத்தம் ஏறும், அடுத்து மேல்மாடியில், கடைசியாகக் கீழே அசோசியேஷன் செக்ரட்டரி வீட்டில். யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொண்டதில்லை. எல்லா வீட்டிலும் ரிமோட் தானாகக் கைக்கு வந்துவிடும்.

குடிவந்த புதிதில் நான் அவன் கதவைத் தட்டியிருக்கிறேன். "சீரியல் ஓடிகினு கீது. உனுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டு, முகத்தில் அறைந்த மாதிரி கதவைச் சாத்தினான். போலீசைக்கூடக் கூப்பிட்டேன். அவர்கள் வந்து விசாரித்தபோது, ஒரு வீடு விடாமல் எல்லோரும் "டிவி சவுண்டு சார்" என்றார்கள். செக்ரட்டரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "புருசன் பொண்டாட்டி மேட்டரும்மா. நமக்கு இன்னாத்துக்கு வம்பு?" என்றார். அந்தாளின் வழுக்கை மண்டையில் ஒரு குட்டு வைக்கலாமா என்று கை பரபரத்தது.

பக்கத்து வீட்டுக்காரியும் நானும் காலையில் ஒரே ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போவோம். கத்திரி வெயிலிலும் முழுக்கை சுடிதார்தான் போடுவாள். ஒருநாள் என்னைச் சீண்டினாள்.

"இன்னாக்கா, உங்க வூட்ல ஒரு இங்கிலீஷ்காரி ரியர் லெஃப்ட், ரியர் லெஃப்ட்னு சொல்லிகினே கீறா?"

"அவ சவுண்ட் கார்டுக்குள்ள இருக்கறவ. பின்னாடி லெஃப்ட்டுனு சொல்லிட்டு முன்னாடி ஸ்பீக்கர்லயே கத்துறாடி, பேஜாரு புடிச்சவ!"

சிரித்தாள். சிரித்ததில் உதட்டுக் காயம் விரிந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. துப்பட்டாவால் ஒற்றிக்கொண்டே, ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே மெதுவாகச் சொன்னாள்.

"அடிக்கும்போது அவன் டிவி சவுண்டத்தான் கேப்பான்கா. 'பாத்தியா, எல்லாரும் ஏத்திட்டானுங்க. நல்லா கத்து, எவன் வரான்னு பாக்கறேன்'னுவான். அம்மா வூட்டுக்குப் போனா, 'பக்கத்துல யாருக்கும் ஒண்ணும் கேக்கலியாமே'ன்னு திருப்பி அனுப்பிடறாங்க. இந்தத் தபா கழுத்துல கை வச்சான்."

அடுத்த தடவை அவன் கையை அவள் கழுத்திலிருந்து எடுக்க யாராவது அந்தக் கதவுக்கு வந்தாக வேண்டும். நான் ஒருத்தி போனால் பத்தாது என்று ஏற்கனவே பார்த்தாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு சவுண்ட் கார்டோடு மல்லுக்கு நின்றேன். அதில் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று ஓட்டைகள். பச்சை முன்பக்கத்துக்கு, கறுப்பு பின்பக்கத்துக்கு, ஆரஞ்சு நடுவுக்கும் ஊஃபருக்கும். எல்லாம் சரியாகத்தான் செருகியிருந்தேன். ஆனால் செட்டிங்கில் 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு ஊஃபரும் என்று மாற்றி வைத்தால், அடுத்த நிமிஷமே இரண்டு ஸ்பீக்கருக்குத் திரும்பிக்கொள்ளும். "உன்னைத் தூக்கி முட்டுக்காட்டுத் தண்ணியில எறியல, பாரு!" என்று கத்தினேன். ஒரு உதையும் விட்டேன். ஊஃபருக்கு ஒன்றும் ஆகவில்லை, என் கட்டைவிரல் வீங்கியது.

கடைசியில் லேப்டாப்புக்கும் கார்டுக்கும் நடுவில் இருந்த யுஎஸ்பி இணைப்புப் பெட்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கார்டை நேராக லேப்டாப்பில் செருகி, அதன் மென்பொருளைப் புதிதாக ஏற்றினேன். 5.1 அப்படியே நின்றது. கறுப்பு ஓட்டையில் செருகுகிற முனை கோவளத்து உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. உப்புத்தாள் வைத்து வறட்டு வறட்டென்று தேய்த்தேன். ஆடிக்கொண்டிருந்த பின்பக்க ஸ்பீக்கரைத் திருப்புளியால் முடுக்கிவிட்டு, சோதனையை ஓடவிட்டேன். இங்கிலீஷ்காரி முன்னால் இடது என்றாள், நடு என்றாள், முன்னால் வலது என்றாள். பின்னால் வலதுக்குப் போனாள். அடேயப்பா! கடைசியில் என் இடது காதுக்குப் பின்னால் வந்து "ரியர் லெஃப்ட்" என்றாள்.

உடனே அங்கிருந்தே தொம்மென்று ஒரு இடி. என்ன ஒரு அதிர்வு என்று ஒரு கணம் பூரித்துப்போனேன். அடுத்த இடியில் ஸ்பீக்கரோடு சுவரே ஆடியது. அவன் அவள் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான்.

எதிர்வீட்டு டிவி ஏறியது. மேல்மாடி ஏறியது. கீழே செக்ரட்டரி வீட்டிலும் பாட்டு அலறியது.

திருப்புளியோடு படிக்கட்டில் பாய்ந்து இறங்கினேன். அடியில் மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் பிளாக்குக்கே மெயின் சுவிட்ச் இருக்கிறது. இரண்டு கையாலும் இழுத்தேன். மொத்த பிளாக்கும் கப்சிப் ஆனது. அந்த அமைதியில் அவள் குரல் மட்டும் மாடியிலிருந்து இறங்கி வந்தது. "கழுத்த வுடு... மூச்சு முட்டுது... வுடு..."

கரண்ட் போனால் எங்கள் ஆட்கள் செய்கிற முதல் காரியம், கதவைத் திறந்து "உங்க வூட்லயும் போச்சா?" என்று கேட்பது. கதவுகள் எல்லாம் திறந்தன. ஆனால் எல்லோர் காதிலும் அதே குரல்தான் விழுந்துகொண்டிருந்தது.

நான் மேலே ஓடி அவன் கதவை உதைத்தேன். எதிர்வீட்டம்மா கரண்டியோடு வந்து தன் பங்குக்கு இடித்தாள். மூச்சிரைக்க ஏறிவந்த செக்ரட்டரியே, "தொறடா கதவ!" என்று கத்தினார். கதவு திறந்தது. அவன் கையில் பெல்ட். ஜன்னலில்லாத மாடி நடை இருட்டில் ஒவ்வொரு செல்போன் விளக்காக அந்தக் கைமேல் போய் நின்றது.

"எவடி மெயின ஆஃப் பண்ணது?" என்று என்மேல் பெல்ட்டை ஓங்கினான். திருப்புளியை அவன் தொண்டைக்குழியில் வைத்து அழுத்தினேன். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. குத்தத்தான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். எதிர்வீட்டம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். பெல்ட் அவன் கையிலிருந்து தானாக நழுவியது. யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள். அவனை உள்ளே போகவிடாமல் ஆட்கள் சூழ்ந்து நின்றார்கள்.

அவள் சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள். கழுத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. செக்ரட்டரி உருகிப்போய், "இன்னாம்மா இது, ஒரு குரல் குடுத்திருந்தா ஓடியாந்திருப்போமே!" என்றார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். தொண்டை கட்டிப்போயிருந்தது, இருந்தாலும் எல்லோருக்கும் கேட்டது.

"டெய்லி குடுத்துகினுதான் இருந்தேன் சார். இனிமே கரண்ட் இருக்கும்போதும் வாங்க."