ஸ்டெல்லா மிஸ் பாத்ரூமுக்கு நடந்துபோன கதை

1. ஹேண்ட்ஓவர்

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஒன்பது வருடமாக நர்சிங் அசிஸ்டென்டாக இருக்கிறேன். அதற்கு முன் கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் தையல் வேலை. வீடு ஆஸ்டின் டவுனில். ஏழு மணி ஷிஃப்டுக்கு ஐந்தரைக்கே பஸ் ஏறிவிடுவேன். ட்ரெயினிங் கோர்ஸில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் இந்த வேலை என்னவென்று எனக்குப் புரிந்தது மூன்றாவது வருடத்தில், பன்னிரண்டாம் நம்பர் அறையில்தான்.

அன்று என்னை இரண்டாவது மாடிக்கு மாற்றியிருந்தார்கள். நைட் ஸ்டாஃப் ஒவ்வோர் அறையாக விவரம் சொல்லி ஹேண்ட்ஓவர் கொடுத்தாள்.

"பன்னெண்டு, ஸ்டெல்லா மிஸ். காக்ஸ் டவுன்காரங்க, மேத்ஸ் டீச்சரா இருந்தவங்க. இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆகி எட்டு மாசம் ஆச்சு. டோட்டல் கேர், எல்லாம் நாமதான் செய்யணும். டயப்பர், கன்ஃப்யூஷன். அடிப்பாங்கக்கா, பாத்து. மூணு மணிக்கு மாத்திட்டேன்."

உள்ளே போனேன். மெலிந்த உடம்பு, வாரிவிடாத வெள்ளை முடி. வழக்கம்போலப் போர்வையை விலக்கி நைட்டியைத் தூக்கினேன். பளீரென்று கையில் ஓர் அடி விழுந்தது. சின்னக் கைதான், ஆனாலும் வலித்தது.

"என்ன பண்றேன்னு சொல்லிட்டுப் பண்ணு" என்றார் மிஸ்.

கன்ஃப்யூஷன் உள்ளவர் பேசுகிற பேச்சாக அது இல்லை. மன்னிப்புக் கேட்டேன். பெயரைச் சொன்னேன், டயப்பர் பார்க்கணும் என்றேன். தலையசைத்தார். டயப்பர் காய்ந்திருந்தது. மூன்று மணிக்கு மாற்றியது, ஏழேகாலுக்கும் காய்ந்திருக்கிறது. நல்லது, ஒரு வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

எட்டு மணிக்குத் திரும்பியபோது நனைந்திருந்தது. மிஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

"ஏழரைக்கு பெல் அடிச்சேன். ஒரு பொண்ணு வந்துச்சு. பாத்ரூம் போகணும்னேன். 'டயப்பர்லயே போங்க மிஸ், அதுக்குத்தானே போட்டிருக்கு'ன்னுட்டு போயிடுச்சு. அரை மணி நேரம் அடக்கிப் பாத்தேன் செல்வி."

என்ன செய்கிறேன் என்று சொல்லிச் சொல்லிச் சுத்தம் செய்தேன்.

2. ஒரு வாரக் கணக்கு

அன்றிலிருந்து ஒரு சின்ன நோட்டில் நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தேன். எப்போது பெல் அடிக்கிறார், யார் எப்போது போனோம், டயப்பர் காய்ந்திருக்கிறதா நனைந்திருக்கிறதா. என் ஷிஃப்ட் இல்லாத நேரத்துக்கு மற்றவர்களிடம் கேட்டு எழுதினேன்.

ஒரு வாரத்தில் தெளிவாகிவிட்டது. காலையில் ஏழரை, பிறகு பத்தேகால், மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் முன்னாலேயே பெல் அடித்திருக்கிறார். பக்கத்தில் வைக்கிற தண்ணீர் ஃபிளாஸ்க் மாலையில் அப்படியே திரும்பி வருகிறது. குடித்தால் போக வேண்டியிருக்குமே என்று குடிப்பதே இல்லை. அதனால்தான் இரண்டு முறை யூரின் இன்ஃபெக்‌ஷன், காய்ச்சல். காய்ச்சலில் ஏதோ உளறியதைத்தான் 'கன்ஃப்யூஷன்' என்று ஃபைலில் எழுதி, அதை அழிக்காமலே விட்டிருக்கிறார்கள்.

நோட்டை எடுத்துக்கொண்டு இன்சார்ஜ் ரேகா மேடத்திடம் போனேன். மண்டியாக் கன்னடக்காரர். எங்களோடு பேசப் பேசத் தமிழ் பழகியவர். கண்டிப்பு அதிகம், அநியாயம் கிடையாது.

"மேடம், ஃபைல்ல இருக்கிற மாதிரி பன்னெண்டு இன்கான்டினென்ட் இல்ல, தெரியாம போறவங்க இல்ல. அவங்களுக்கு அடக்கத் தெரியுது. நாமதான் நேரத்துக்குப் போறதில்ல."

நோட்டை முழுதாகப் படித்தார்.

"நோடு, பாரு செல்வி, நீ எழுதினது சரியா இருக்கலாம். ஆனா இந்த ஃப்ளோர்ல பன்னெண்டு பேருக்கு நீங்க ரெண்டு பேர்தான் இருக்கீங்க. எழுந்திருக்கும்போது விழுந்தா? மறுபடி ஃபிராக்ச்சர் ஆனா யாரு பதில் சொல்றது? மாசக் கடைசியில ரிவ்யூ இருக்கு. மூணாவது மாடிக்கு ஷிஃப்ட் பண்ணலாம்னு அவங்க அண்ணன் மகன்கிட்ட ஆல்ரெடி பேசியாச்சு."

மூன்றாவது மாடி என்றால் முழுநேரப் படுக்கை. அங்கே போனவர்கள் யாரும் திரும்பிக் கீழே வந்து நான் பார்த்ததில்லை.

"ரிவ்யூ வரைக்கும் டைம் கொடுங்க மேடம். மூணு வாரம். மத்த வேலை எதுவும் நிக்காது."

"இடுப்புல பெல்ட் இல்லாம ஒரு தடவைகூட எழுப்பக் கூடாது. ஒரு ஃபால் ஆனாலும் நிறுத்திடுவேன். ஆய்தா, சரியா?"

"ஆய்து மேடம்."

3. மூக்கு கால்விரலுக்கு மேலே

மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். மூன்றாவது மாடி விஷயத்தையும் மறைக்கவில்லை. "என்ன பண்ணணும் சொல்லு" என்றார்.

முதல் நாள் எழுந்து நிற்கவே முடியவில்லை. இடுப்பில் கெய்ட் பெல்ட்டைக் கட்டி, நான் அதைப் பிடித்துக்கொள்ள, மிஸ் வாக்கரைப் பிடித்து எழ முயல்வார். பாதி எழுவார், தொப்பென்று உட்கார்ந்துவிடுவார். எட்டு மாதம் படுத்த கால்களில் சதையே இல்லை. இரண்டாம் நாளும் அப்படியே.

வாரம் இரண்டு முறை வரும் பிசியோ இம்ரான் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார்.

"அரே செல்வி அக்கா, கட்டில் எவ்ளோ இறக்கமா இருக்கு பாருங்க. நமக்கே எழ முடியாது. நாலு இன்ச் ஏத்துங்க. இந்த ரப்பர் செருப்பு வேணாம், பின்னாடி பட்டி வெச்சது போடுங்க. மிஸ், மேல பாக்காதீங்க. முன்னாடி குனிங்க. மூக்கு கால்விரலுக்கு மேல வரணும். அப்புறம்தான் எழணும்."

கட்டிலை ஏற்றினோம். மிஸ் மூக்கை முன்னால் கொண்டுவந்தார். எழுந்து நின்றுவிட்டார்! கால் நடுங்க, வாய் திறந்தபடி ஜன்னலைப் பார்த்தார்.

"செல்வி, வெளியே மரம் இருக்கே!"

எட்டு மாதமும் படுத்த இடத்திலிருந்து அவருக்குத் தெரிந்தது சீலிங் ஃபேன் மட்டும்தான்.

ஐந்தாம் நாள் காலை ஏழு இருபதுக்கு, பெல் அடிப்பதற்கு முன்னாலேயே போனேன். கட்டிலை ஒட்டிக் கமோட் சேர் போட்டிருந்தேன். எழுந்தார், திரும்பினார், உட்கார்ந்தார். நான் திரைக்கு அந்தப் பக்கம் நின்றேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு சட்டியில் சத்தம் கேட்டது, நிற்காமல், நன்றாக. முடிந்ததும் உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. திரையை விலக்கினால் மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

"இதுக்குப் போய்ச் சந்தோஷப்படுறோம் பாரு, ரெண்டு பைத்தியங்க" என்றார்.

அன்று ஃபிளாஸ்க் தண்ணீரில் பாதி காலி.

4. என் தவறு

இரண்டாவது வாரக் கடைசியில், வாக்கரில் பாத்ரூம் பக்கம் நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு நாள். படுத்தவரை எழுப்பி உட்காரவைத்ததும் இரண்டு நிமிடம் அப்படியே உட்காரவைத்து, பிரஷர் பார்த்துவிட்டுத்தான் நிற்கவைக்க வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஒன்பதாம் நம்பரில் பெல் அடித்துக்கொண்டே இருந்தது. அவசரப்பட்டு உடனே எழுப்பிவிட்டேன். நான்கு அடி நடந்ததும், "தலை சுத்துது" என்றார். முழங்கால் மடங்கியது. பெல்ட்டை இறுகப் பிடித்து, என் தொடையில் சாய்த்து, மெல்லத் தரையில் உட்காரவைத்தேன். எங்கும் அடியில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த இன்னொரு அசிஸ்டென்ட் சொன்னாள்: "அக்கா, யாரும் பாக்கல. எழுதாதீங்க. எழுதினா உங்களுக்குத்தான் கஷ்டம்."

எழுதினேன். இன்சிடென்ட் ரிப்போர்ட்டில், 'உட்காரவைத்து பிரஷர் பார்க்காமல் எழுப்பியது என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ரேகா மேடம் அறைக்கே வந்துவிட்டார். "முடிஞ்சுது செல்வி. நான் அன்னிக்கே சொன்னேன். இனி பெட் கேர்தான்."

வேலை போனாலும் போகட்டும், ஆனால் மிஸ்ஸை நானே மேலே அனுப்பிவிட்டேனே என்றுதான் நினைத்தேன். அப்போது மிஸ் பேசினார்.

"சிஸ்டர், இங்க வாங்க. படுத்தே இருந்தா நான் விழமாட்டேன். செத்தவங்களும் விழமாட்டாங்க. இவ தப்பை இவளே எழுதிக் கொடுத்திருக்கா. அடுத்த தடவை அந்தத் தப்பு வராது. தப்பை மறைக்கிறவகிட்டயா என்னை விடப்போறீங்க?"

ரேகா மேடம் ரிப்போர்ட்டை மறுபடி படித்தார். "பிரஷர் மெஷின் ரூம்லயே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பத்து நிமிடத்தில் அவரே கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அன்றிலிருந்து காலை ஏழிலிருந்து எட்டு வரை மற்ற பெல்களைப் பார்க்க இன்னொருவரையும் போட்டார்.

5. ரிவ்யூ

ரிவ்யூ மிஸ்ஸின் அறையிலேயே நடந்தது. டாக்டர், ரேகா மேடம், அண்ணன் மகன் ஜோசப். ஜோசப் பக்கத்து ஐடி பார்க்கில் மேனேஜர். ஞாயிறுதோறும் வருவார், அத்தை மேல் பாசம் உண்டு. ஆனால் அவர் பார்த்ததெல்லாம் படுத்திருக்கும் அத்தையை மட்டும்தான். நடக்கிற விஷயத்தை அவரிடம் சொல்லக் கூடாதென்று மிஸ் எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"மூணாவது மாடியில நல்லாப் பாத்துப்பாங்க அத்தை. உங்க சேஃப்டிக்குத்தான்" என்றார் ஜோசப். கையில் ஷிஃப்டிங் ஃபார்ம், பேனா.

நான் வாயைத் திறப்பதற்குள் மிஸ் சொன்னார்: "எக்ஸ்க்யூஸ் மீ. நான் பாத்ரூம் போகணும்."

ஜோசப் சட்டென்று எழுந்து, நாங்கள் டயப்பர் வேலையைப் பார்ப்போம் என்று நினைத்து வெளியே போகப் பார்த்தார்.

"நீ எங்க போற? உக்காரு."

மிஸ் தானே எழுந்து உட்கார்ந்தார். இரண்டு நிமிடம். டாக்டர் முன்னாலேயே பிரஷர் பார்த்தேன். செருப்பின் பட்டியை மாட்டினார். மூக்கை முன்னால் கொண்டுவந்தார், எழுந்தார். நான் பெல்ட்டில் கை வைத்துப் பின்னால் நின்றேன்.

"இழுக்காதே செல்வி, சும்மா தொட்டுக்கோ."

வாக்கர் தரையில் டக், டக் என்றது. கட்டிலிலிருந்து பாத்ரூம் கதவு வரை பதினொரு அடி. எனக்கு ஒவ்வொன்றும் தெரியும். அவர் உட்காரும்வரை கூட இருந்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். டாக்டரும் இன்சார்ஜும் ஒரு ஐடி மேனேஜரும் கதவைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

ஃப்ளஷ் சத்தம் கேட்டது.

ஜோசப் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். டாக்டர் அந்த ஃபார்மை வாங்கிக் குறுக்கே ஒரு கோடு போட்டார். பிறகு ஃபைலைத் திறந்து 'கன்ஃப்யூஷன்', 'இன்கான்டினென்ட்' என்ற இரண்டு வார்த்தைகளையும் அடித்தார். ரேகா மேடம் என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "பன்னெண்டு மட்டும் போதாது செல்வி. ஃப்ளோர் முழுக்க நோட் போடு" என்றார்.

போட்டோம். அந்த வருடம் முடிவதற்குள் இரண்டாவது மாடியில் இன்னும் நான்கு பேர் டயப்பரை விட்டார்கள். அதில் ஒருவர் மூன்றாவது மாடியிலிருந்து கீழே இறங்கி வந்தவர். ஸ்டெல்லா மிஸ் அடுத்த ஈஸ்டருக்குக் காக்ஸ் டவுன் சர்ச்சுக்குப் போய், பூசை முழுக்க உட்கார்ந்து, மதியம் பிரியாணி சாப்பிட்டுத் திரும்பினார்.

6. புதிதாக வருபவர்களுக்கு

டயப்பர் கெட்டதல்ல. தேவைப்படுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. நம் வசதிக்காக ஒருவருக்கு அதைக் கட்டுவதுதான் தவறு. சார்ட்டில் ஒரு வார்த்தை எழுதியிருந்தால், அதை யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள், அதற்குப் பிறகு யாராவது அந்த மனிதரிடம் கேட்டார்களா என்று பாருங்கள்.

இப்போது ட்ரெயினிங் பொறுப்பு என்னுடையது. முதல் நாள் நான் பாடம் எதுவும் எடுப்பதில்லை. உடையோடு ஒரு டயப்பரைக் கட்டிக்கொண்டு படுக்கச் சொல்வேன். இரண்டு கிளாஸ் தண்ணீர் கொடுத்து, ஃபேன் போட்டுவிட்டு, "அதுலயே போங்க, அதுக்குத்தானே போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவேன். முதலில் சிரிப்பார்கள். பத்து நிமிடத்தில் சிரிப்பு நின்றுவிடும். அரை மணியில் கதவைத் திறப்பேன். இதுவரை ஒருவராலும் முடிந்ததில்லை. எல்லோரும் எழுந்து பாத்ரூமுக்குத்தான் ஓடுகிறார்கள்.