கதவுக்கு வெளியே நின்ற அம்மா

என் அம்மா போரம், கொரியாவின் பூசான் துறைமுகத்துக்குப் பக்கத்தில், மீனை அரைத்து அடை செய்யும் ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவளுடைய வலது காதுக்குப் பின்னால் சின்னத் தழும்பு இருக்கிறது. அதற்குள் ‘முத்து’ என்ற கருவி இருக்கிறது. ஆலைதான் இலவசமாக வைத்துவிட்டது. முத்து இருந்தால் இயந்திரத்தைத் தொட வேண்டாம், நினைத்தால் ஓடும். பதிலுக்கு ஒரு நிபந்தனை. தலை சும்மா இருக்கும் நேரத்தை எல்லாம் ‘கூட்டு’ எடுத்துக்கொள்ளும். முத்து வைத்தவர்களின் மூளைகளை ஒன்றாகப் பிணைத்து, யார் யாருக்கோ கணக்குப் போட்டுக் கொடுக்கும் வலைதான் கூட்டு.

அது வந்து உட்கார்ந்தால் ஆள் கல்லாகி நிற்பார். வலிக்காது. பிறகு அந்த நேரம் நினைவிலும் இருக்காது. அதனால்தான் ஆலைப் பெண்கள் பேருந்துக்கு நிற்கும்போதுகூட வாய் ஓயாமல் பேசுவார்கள்.

“பேசுடி! நிறுத்துனா உன் தலைக்குள்ள குடி வந்துருவான்” என்று ஒருத்தி இடிப்பாள்.

“வரட்டுமே. உள்ள முழுக்க என் மாமியார் திட்டுனதுதான் கிடக்கு. அள்ளிட்டுப் போகட்டும்” என்பாள் அம்மா.

அப்பா கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்தவர். நுரையீரல் கெட்டு இறந்தார். போன ஆண்டு அவருக்கு முதலாம் ஆண்டு நினைவுப் படையல். சோற்றில் கரண்டியை நட்டுவைத்துவிட்டு, அவர் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தி, எல்லோரும் வெளியே தலைகுனிந்து பேசாமல் நின்றோம். பெரியப்பா மூன்று முறை இருமிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம் செத்தவரோடு இருக்கும் நேரம். சாவு வீட்டில் வந்தவர்களுக்குச் சோறு போட்டே ஓய்ந்துபோன அம்மா, அதற்காகத்தான் ஆண்டு முழுக்கக் காத்திருந்தாள்.

கதவு திறந்தபோது எல்லோர் கண்ணும் ஈரம். அம்மாவின் கண் மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தது.

“எப்படி அசையாம நின்னா பாருங்க! இதுல்ல மரியாதை” என்றாள் பெரியம்மா.

சமையலறையில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் அங்க இல்லடி. கதவு சாத்துனது தெரியும். அப்புறம் உங்க பெரியப்பா இருமுனாரு. நடுவுல ஒண்ணுமே இல்ல.”

அப்பா சாப்பிடும் நேரத்தில் எவனுடைய கணக்கோ என் அம்மாவின் தலையில் ஓடியிருக்கிறது.

ஆலை அலுவலகத்துக்கு இருவரும் போனோம். முத்தை எடுத்தால் வேலை போய்விடும். ஆகவே அங்கிருந்த இளம் அலுவலரிடம் அம்மா அதைக் கேட்கவில்லை.

“படையல் நேரத்துல மட்டும் நிறுத்தி வைங்க தம்பி.”

“அப்ப என்ன செய்வீங்க அக்கா?”

“நிப்போம்.”

“நின்னு?”

“நின்னுக்கிட்டே இருப்போம்.”

“அப்ப சும்மாதானே இருக்கீங்க?”

அவன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான். நினைத்தால் இன்றும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

இந்த ஆண்டும் கதவைச் சாத்தினோம். தலை குனிந்தோம். உடனே அம்மா வாயைத் திறந்தாள்.

“ஏங்க, உங்களைத்தான். முள்ளங்கி சூப்புல உப்பு கம்மின்னு இப்ப மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பீங்க. பேசாம சாப்பிடுங்க.”

“போரம்! என்ன இது? அவன் நிம்மதியா சாப்பிட வேணாமா?” என்று பெரியப்பா சீறினார்.

“நான் வாயை மூடுனா வேற எவனோ வந்துருவான் மாமா. போன வருசம் வந்தான்.”

பெரியம்மா தரையைப் பார்த்தாள். அம்மா கதவைப் பார்த்துக் கத்தினாள். “இருமுறீங்களேன்னா கடல்காத்துன்னு பொய் சொன்னீங்க. டாக்டர்கிட்ட வாங்கன்னா அறுவடைப் பண்டிகை முடியட்டும்னீங்க. முடிஞ்சுதா? யோவ், முடிஞ்சுதா?”

மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த இடைவெளியிலேயே அவள் கண் நிலைகுத்தத் தொடங்கியது.

“அப்புறம் என்னம்மா?” என்று தோளை உலுக்கினேன்.

பெரியப்பா இருமப் போனவர், இருமவில்லை. “கல்யாணத்தன்னைக்கு அவன் செருப்பைத் தொலைச்சானே, அது என்ன கதை போரம்?” என்றார்.

“அவர் எங்க தொலைச்சாரு? நீங்கதான் மாட்டிக்கிட்டுப் போனீங்க!”

யாரோ சிரித்தார்கள். அம்மா அழுதாள். அழுதுகொண்டே இன்னும் நிறையத் திட்டினாள். அவள் முடிக்கும்வரை காத்திருந்து, பெரியப்பா மூன்று முறை இருமினார்.

சூப் ஆறிப்போயிருந்தது. அம்மா எடுத்து வாயில் வைத்தாள். “உப்பு கம்மிதான்” என்றாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “பேசிட்டேன். ஆனா சும்மா நிக்கணும்னுதான்டி ஆசைப்பட்டேன்.”

பள்ளி முடித்த எனக்கும் அதே ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. காதுக்குப் பின்னால் மழித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். நான் போகவில்லை. “வேலைக்கு என்னடி பண்ணுவ?” என்று அம்மா தினமும் திட்டுகிறாள். அடுத்த படையலுக்கும் அவள் பேசித்தான் ஆக வேண்டும். அவளுக்கும் சேர்த்து நான் சும்மா நிற்பேன்.