தம்பியின் சட்டைப் பை

சலவைக் கடையில் அவளுக்கு வைத்த பெயர் செக்போஸ்ட். இயந்திரத்துக்குள் போகும் ஒவ்வொரு துணியின் பையையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு துழாவிப் பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரு பேனா தப்பினாலும் நாற்பது சட்டை நாசம். ஆறு வருடத்தில் ஒன்றும் தப்பியதில்லை. கை அப்படிப் பழகிவிட்டது. வீட்டுத் துணியைத் தொட்டாலும் விரல் தானாகப் பைக்குள் போய்விடும்.

ஒரு நாள் தம்பியின் சட்டைப் பையில் மாத்திரை அட்டை ஒன்று அகப்பட்டது. பத்தில் ஏழு காலி. டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டோம் என்று மருந்துக் கடையில் எழுதி ஒட்டியிருந்த அதே வலி மாத்திரை. வலியே இல்லாதவர்கள் போதைக்காக விழுங்குவது. நேராக அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"ஆம்பளப் பையன் சட்டைப் பையில உனக்கு என்னடி வேலை? எடுத்த இடத்துலயே வெச்சிடு. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்."

வைத்துவிட்டாள். அதற்காக இன்றுவரை அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல்.

இதே வீட்டில்தான், கல்லூரி முதல் வருடத்தில், அவள் துப்பட்டாவில் சிகரெட் வாசனை அடித்தது. பேருந்து நிறுத்தத்தில் எவனோ ஊதிய புகை. அப்பா வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். படிப்பு அன்றோடு சரி. வெறும் வாசனைக்கே அந்தத் தண்டனை! தம்பியின் மாத்திரையை மட்டும் வயசுக் கோளாறு என்று பூசி மெழுகிவிட்டார்கள். இதைப் பார்த்தே வளர்ந்தவனுக்குப் பயம் எங்கிருந்து வரும்?

வெள்ளிக்கிழமை செக்போஸ்ட்டுக்கு விடுமுறை. மதியம் அப்பா முகமெல்லாம் பல்லாக வந்தார். காலையில் ஓட்டிக் காட்டியதில் தம்பிக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலை கிடைத்துவிட்டதாம். திங்கட்கிழமை முதல் பதினெட்டுச் சின்னப் பிள்ளைகள் அவன் கையில். அவன் கழற்றிப் போட்ட சட்டையை அவள் எடுத்தாள். பையில் புது அட்டை. அதிலும் நாலு காலி.

இந்தத் தடவை அம்மாவிடம் போகவில்லை. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜையின் நடுவில் அட்டையைப் போட்டாள்.

"இதைப் போட்டுட்டுத்தான் காலையில ஸ்டியரிங்கைப் பிடிச்சியா?"

தம்பி தட்டிலிருந்து நிமிரவில்லை. "ஒண்ணும் ஆகலையே அக்கா. ஒழுங்காத்தானே ஓட்டினேன்? ஆம்பளைங்க நாலு விதமாத்தான் இருப்போம்."

"டாக்டரைப் பாரு, நானும் கூட வரேன். சரியாகுற வரைக்கும் வேனைத் தொடாதே."

"பொண்ணா லட்சணமா இரு," என்றார் அப்பா. "வந்த வேலையைக் கெடுக்காதே."

"அப்ப நீங்களே பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்லுவேன்."

"சொன்னா இந்த வீட்டுல உனக்கு இடமில்ல."

அவள் போனை எடுத்தாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் ஒருவர் பேசினார்.

"புது வேன் டிரைவரோட அக்கா பேசறேன். திங்கக்கிழமை அவன்கிட்ட சாவியைக் கொடுக்காதீங்க. போதை மாத்திரை போடறான்."

"வீட்டுல ஆம்பளைங்க யாராவது இருந்தா கொடுங்கம்மா," என்றார் அவர்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"ரெண்டு பேர் இருக்காங்க சார். ரெண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டாங்க. நான் சொல்றதை எழுதிக்குங்க."