ஆமோனின் பேத்தி

மத்தேயு முதல் அதிகாரத்தை யாரும் ஆசைப்பட்டு மனப்பாடம் செய்வதில்லை. மேய்ப்பன் சங்கீதத்தைச் செய்வார்கள், மலைப்பிரசங்கத்தைச் செய்வார்கள். ஆபிரகாமில் தொடங்கி இயேசு வரைக்கும் இவன் அவனைப் பெற்றான், அவன் இன்னொருவனைப் பெற்றான் என்று பெயர்களாகவே ஓடும் அந்தப் பக்கத்தைப் பெரியவர்களே விரலால் தள்ளிவிட்டுப் போவார்கள். நானோ மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில் அதை ஒரே மூச்சில் சொல்வேன். ஞாயிறு பள்ளியில் மனப்பாடப் போட்டி வைத்திருந்தார்கள் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: அந்த வரிசையில் என் அப்பாவின் பெயர் இருந்தது. யோசியா! அச்சில்! வேதாகமத்திலேயே!

அம்மா தோசை ஊற்றிக்கொண்டே காதால் சரிபார்ப்பார். ஒரு பெயர் தவறினால் அந்தத் தோசை தம்பியின் தட்டுக்குப் போய்விடும். அப்படிப் பசியோடு கற்ற வசனம் மறக்குமா?

அப்பா திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் வண்டியில் டிரில்லராக இருந்தார். அந்த விடுமுறையில் வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை. பக்கத்து ஊர்தானே என்று, அழுது அடம் பிடித்து நானும் லாரியில் ஏறிக்கொண்டேன்.

தோட்டத்துக்காரர் வெள்ளை மீசைக்காரர். ஏற்கெனவே இரண்டு போர் போட்டு இரண்டிலும் புழுதிதான் வந்திருந்தது. குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிச் செடிகள் நின்ற இடத்திலேயே சுருண்டுகொண்டிருந்தன. இந்தத் தடவையும் பொய்த்தால் காட்டை விற்றுவிட்டு மகனோடு சேலத்துக்குப் போவதுதான் வழி என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் அவர் எந்தச் சாமியையும் விட்டுவைப்பதாக இல்லை. சூடம் ஏற்றினார், எலுமிச்சம்பழம் நசுக்கினார், தேங்காய் உடைத்தார். அப்பா வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்று கண்ணை மூடியிருந்தார்.

“ஏனுங்க டிரில்லரே, நீங்க வேதக்காரருங்களாமா. உங்க சாமிகிட்டயும் சத்தமா ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. எந்தச் சாமி தண்ணி குடுத்தா என்னங்க?”

அப்பாவுக்குக் கூச்சம். எனக்குக் கூச்சம் என்றால் என்னவென்றே தெரியாது. “நான் சொல்றேனுங்க!” என்று முன்னால் போய் நின்றேன்.

பாறையிலிருந்து தண்ணீர் வந்த கதை இருக்கிறது, சங்கீதங்கள் இருக்கின்றன, எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் கைவசம் சூடாக இருந்தது அந்த ஓர் அதிகாரம்தான். ஆபிரகாமில் ஆரம்பித்துவிட்டேன். அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கூட்டமோ கைகட்டிக் கேட்டது. முடிந்ததும் மீசைக்காரர் மெதுவாகக் கேட்டார்:

“ஏஞ்சாமி, பெத்தான் பெத்தான்னு சொன்னியே, அதெல்லாம் ஆரு?”

“இயேசு சாமியோட பாட்டன் பூட்டனுங்க.”

“அப்படிச் சொல்லு! நம்ம கோயல்லயும் பாட்டம்பேரைச் சொல்லித்தான் படையல் வெப்போம்.” முகம் மலர்ந்துபோயிற்று அவருக்கு. “செரி, உன்ற அப்பாரு பேரென்ன அம்மிணி? தண்ணி கேக்கறது ஆரு ஊட்டுப் புள்ளைன்னு பூமிக்குத் தெரியோணுமில்ல? அதைச் சொல்லு, வண்டிய ஆரம்பிக்கலாம்.”

அப்பாரு என்றால் எங்கள் பக்கம் அப்பாவின் அப்பா. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். நான் அப்பாவைப் பார்த்தேன். கூட்டமும் அப்பாவைப் பார்த்தது. அப்பா ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டேயிருந்தார்.

“என்னங்க, பெத்தவரு பேரைச் சொல்லறதுக்கு இத்தனை ரோசனை?” என்று கூட்டத்தில் ஒரு குரல் சிரித்தது.

எனக்கு வந்ததே கோபம்! “இருங்க, நான் சொல்றேன்” என்றேன். ஆனால் மனப்பாடத்தில் ஒரு தொல்லை உண்டு. நடுவில் ஏற முடியாது, முதலிலிருந்துதான் வர வேண்டும். திரும்பவும் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்று உதட்டுக்குள் ஓட்டினேன். தாவீதைத் தாண்டி, சாலொமோனைத் தாண்டி, எசேக்கியாவைத் தாண்டி ஓடினேன். சூடம் அணைந்தே போயிற்று. கடைசியில் அப்பாவின் பெயர் வந்தது. அதற்கு முந்தைய பெயரை எட்டிப் பிடித்துக் கத்தினேன்:

“ஆமோனுங்க!”

“ஆமோனா? கேட்டதில்லையே. எந்தப் பக்கம்?”

“ரொம்பத் தூரமுங்க.”

“என்ன பண்ணறாராமா?”

“ராசாங்க.”

மீசைக்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “அட, ராசா ஊட்டுப் பேத்தி வந்து கேட்டு, பூமி இல்லீங்குமா? எடுங்க வண்டியை!”

அப்பா என் தலையில் கையை வைத்தார். கம்ப்ரசர் ஓட ஆரம்பித்த பிறகுதான் எடுத்தார்.

முதலில் வெள்ளைப் புழுதி. ராடுக்குமேல் ராடு இறங்கியும் புழுதிதான். மீசைக்காரர் வரப்பில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். வெயில் சாயும் நேரத்தில் புழுதி நிறம் மாறியது, சேறாயிற்று, பிறகு வேப்பமரத்துக்குமேல் பீய்ச்சி அடித்தது தண்ணீர்! அவர் வேட்டியோடு உள்ளே ஓடி நனைந்தார். புறப்படும்போது ஒரு சிப்பம் கிழங்கை லாரியில் ஏற்றி, “ராசா பேத்திக்கு” என்றார்.

எல்லாம்தான் போனில் இருக்கிறதே, எதற்கு மனப்பாடம் என்று எங்கள் வாலிபர் கூட்டத்தில் இப்போது கேட்கிறார்கள். நான் சண்டைக்கே போய்விடுவேன். தேடி எடுக்க அவகாசம் இருக்கும்போது போன் போதும். நாலு பேர் முன்னால் நம் மனிதர் பேச்சற்று நிற்கும்போது, நெஞ்சுக்குள் இருப்பது மட்டும்தான் வாய்க்கு வரும்.

கல்லூரிக்குப் போன பிறகுதான் அத்தை சொன்னார். அப்பா ஞானஸ்நானம் வாங்கிப் புதுப்பெயரோடு வீடு திரும்பிய அன்று, “இனி உன்ற வாயில என்ற பேர் வரப்படாது” என்று தாத்தா வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டாராம். அப்பா அந்த ஒரு சொல்லை மட்டும் மீறவேயில்லை. பொய்ப் பெயர் சொல்லவும் அவருக்கு வராது. ஊர் ஊராகத் துளை போடப் போகிற இடத்திலெல்லாம் இன்னார் மகன் என்று சொல்ல முடியாமல் தலைகுனிந்து நின்றிருக்கிறார்.

இதெல்லாம் அன்று எனக்கு எங்கே தெரியும்! அந்தத் தோட்டத்துக்குப் பிறகு, யார் கேட்டாலும் அப்பா தலை நிமிர்ந்து, “எம்பொண்ணு கணக்குப்படி ஆமோனுங்க” என்று சிரித்தபடி சொல்லத் தொடங்கினார். என்னைப் பார்த்து அவரும் அந்த அதிகாரத்தை மனப்பாடம் செய்துவிட்டார் என்று நான் தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.