திருகாணி மருதம்மாளும் தூக்குக் கதவும்

மோட்டார் கொட்டகையின் கதவுச் சட்டத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள் மருதம்மாள். அது அவள் புருஷன் அம்மாசியின் வேலை. அம்மாசி குளிர்காய்ச்சலில் படுத்திருந்தான். எண்ணெயும் கதவுக்கென்று வாங்கியதல்ல. யான் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் கொண்டுவந்த தேங்காய் எண்ணெயில் தலைக்கு வைக்காமல் மிச்சம் பிடித்தது. கந்தல் துணியை அதில் நனைத்துச் சட்டத்தின் பள்ளத்தில் எட்டிய மட்டும் இழுத்தாள். பிறகு குனிந்து கதவைத் தூக்கிப் பார்த்தாள். அது அசையவில்லை.

அது பக்கவாட்டில் திறக்கிற கதவல்ல, மேலே ஏறுகிற கதவு. பீடோங் ஊரைச் சுற்றியிருந்த எந்த ரப்பர் தோட்டத்திலும் அப்படி ஒன்று கிடையாது. பழைய துரைக்கு இப்படிப்பட்ட விநோதங்களில் ஆசை அதிகம். கதவின் இரண்டு பக்கமும் கம்பிக் கயிறு மேலே போய், உத்தரத்தில் பக்கத்துக்கொரு சக்கரத்தின் மேல் ஏறி, சுவரோரத்துப் பலகைப் பெட்டிக்குள் இறங்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை. துரை இருந்த காலத்தில் வண்டியோட்டி ஒற்றைக் கையால் அதைத் தூக்கிவிட்டு மறுகையால் பீடி பிடிப்பான். ஜப்பான்காரன் வந்தான், துரை சிங்கப்பூருக்கு ஓடினான், கார் எங்கே போனதென்று தெரியவில்லை. கொட்டகையில் ஜப்பான்காரனின் லோரி நின்றது. அதன் பிறகு கதவு கனத்துப்போயிற்று. பலசாலி அம்மாசியைத் தவிர வேறு யாராலும் அதைத் தனியாகத் தூக்க முடிவதில்லை.

"அம்மாசி எந்திரிச்சானா?"

கிராணி பரஞ்சோதி கொட்டகை வாசலில் சைக்கிளை நிறுத்தினார். துரை போன பிறகு தோட்டத்துக் கணக்கும் ஆள் அனுப்புவதும் அவர் தலையில்தான் விழுந்திருந்தன.

"நாளைக்கு எந்திரிச்சிருவாருங்கையா."

"நேத்தும் இதைத்தானே சொன்னே."

"நேத்துச் சொன்ன நாளை வேற, இன்னைக்குச் சொல்ற நாளை வேறங்க."

கிராணிக்குச் சிரிப்பு வரவில்லை. "சயாமுக்கு மறுபடியும் ஆள் கேக்குறானுங்க, மருதம்மா. ஒவ்வொரு தடவையும் இந்தக் கதவைக் காட்டித்தான் அவனைத் தப்ப வச்சேன். இவனை விட்டா லோரியை வெளியே எடுக்க ஆள் இல்லைன்னு சொன்னேன். இப்ப நாலு பேரு சேந்து முக்கி முக்கித் தூக்குறதை அந்த ஜப்பான்காரன் பாத்துட்டான். நாளைக்குச் சாயங்காலம் லோரி அலோர்ஸ்டாரிலேருந்து திரும்பும். அப்பவும் கதவு திறக்கலேன்னா நான் என்னத்தைச் சொல்றது?"

அவர் மிரட்டவில்லை. வானம் இருட்டுகிறது, துணியை எடு என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார். அது மருதம்மாளுக்கு மிரட்டலைவிட மோசமாக இருந்தது. சயாமில் ரயில் பாதை போடப் போனவர்களில் அவளுடைய தம்பியும் ஒருவன். போனவன் போனவன்தான், தகவலே இல்லை.

மருதம்மாளைத் தோட்டத்தில் திருகாணி என்பார்கள். மூக்குத்தித் திருகாணி எந்தப் பக்கம் சுற்றினால் கழலும் என்று பார்க்கப்போய், கல்யாணமான மூன்றாம் நாளே மூக்குத்தியை அடுப்புச் சாம்பலில் தொலைத்தவள். பங்களாவில் பாத்திரம் கழுவிய நாட்களில், இறைச்சி அரைக்கிற இயந்திரத்தைப் பிரித்துத் துடைத்து மாட்டினாள். ஒரு வளையம் மட்டும் மிஞ்சியது. துரைசாணி கேட்டபோது, "அது இல்லாமலே நல்லா அரைக்குதுங்க" என்றாள். அரைக்கவும் செய்தது. அரிக்கேன் விளக்கு, பால் வாளியின் கைப்பிடி, பக்கத்து வீட்டுச் சேவலின் தொண்டை எதுவானாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அவள் ஏன் எதற்கு என்று கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். துரை ஓடிய சில வாரங்களில் அம்மாசி ஒரு கறுத்த இரும்புப் பாளத்தைச் சுமந்துவந்து, அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த பால்மரத்தடியில் வைத்தான். சதுரமான பாளம், நட்டநடுவில் ஓட்டை. முனியாண்டி கனவில் வந்து இதில்தான் குடியிருக்கிறேன் என்று சொன்னதாகச் சொன்னான். ஓட்டையில் சூலத்தை நட்டார்கள். கச்சிதமாக நின்றது. சூலத்துக்கென்றே செய்த இரும்பு என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பது மருதம்மாள்தான்.

கதவைப் பற்றி அவள் போட்ட கணக்கு நேரானது. அம்மாசி எழுந்திருக்கிறவரைக்கும் அவன் வேலையை அவள் செய்துவிட்டால் யாரும் அவன் பேரை எடுக்கப்போவதில்லை. அவள் தூக்க வேண்டுமானால் கதவு லேசாக வேண்டும். ஒரு காலத்தில் லேசாக இருந்த கதவு ஏன் கனத்தது? பலகை சோறு தின்று பருக்கவில்லை. வேறு எங்கோ எதுவோ தேய்ந்திருக்கிறது.

மறுநாள் பால் வெட்டு முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பாப்பம்மாவைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். போகிற வழியில் நாலு பேரைக் கெஞ்சிக் கூட்டிப்போய்க் கதவைத் தூக்கவைத்து, இரண்டு பக்கமும் மரக்கட்டையை முட்டுக் கொடுத்தாள். அவர்கள் போனதும் ஏணியைச் சாய்த்து ஏறினாள்.

"அக்கா, பாத்து ஏறு. நீ விழுந்தா எனக்குப் பிடிக்கத் தெம்பில்ல. மரவள்ளிக் கிழங்கு தின்ன உடம்பு" என்றாள் பாப்பம்மா.

"நீ ஏணியைப் பிடிலா. என்னைப் பிடிக்க வேணாம்."

இடப்பக்கச் சக்கரம் பழுதில்லை. வலப்பக்கச் சக்கரத்தைத் தொட்டதும் ஆடியது. கழற்றிப் பார்த்தாள். அச்சு நுழைகிற ஓட்டை வட்டமாக இருக்க வேண்டியது, தேய்ந்து முட்டை மாதிரி நீண்டிருந்தது. சக்கரம் சாய்ந்து சாய்ந்து ஓடியதில் கம்பிக் கயிறும் ஒரே இடத்தில் உரசிப் பிரி பிரியாகக் கிளம்பியிருந்தது.

"இதுதான்" என்றாள் மேலிருந்து.

"எதுதான்?"

"கதவு நொண்டுது. ஒரு கால் செருப்பு தேஞ்சா நடை கோணுமில்ல, அது மாதிரி."

"நம்மகிட்டச் செருப்பு எங்கக்கா இருக்கு, தேயுறதுக்கு."

புதுச் சக்கரத்துக்கு எங்கே போவது? பீடோங் கடைகளில் ஆணி வாங்கவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. மருதம்மாள் ஏணியில் உட்கார்ந்தபடியே யோசித்தாள். கயிறு ஏறி இறங்குகிற சக்கரம் வேறு எங்கே இருக்கிறது? பங்களாவுக்குப் பின்னால் தூர்ந்துபோன கிணறு ஒன்று உண்டு. அதன் கப்பி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பாப்பம்மா போய்க் கழற்றிக்கொண்டு வந்தாள். அச்சுக்குக் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. கொய்யாக் கிளையை அச்சின் கனத்துக்குக் குடைந்து, எண்ணெயில் ஊறவைத்து, ஓட்டைக்குள் கட்டையாகச் செருகினாள். சுற்றிப் பார்த்தாள். சத்தமில்லாமல் சுற்றியது. அந்தச் சத்தமில்லாத சுற்றலை ரசித்து இன்னும் இரண்டு தடவை சுற்றினாள்.

கயிற்றுக்கு மாற்றே இல்லை. அதைத் தலைமாற்றிக் கட்டினாள். முந்தானைப் பக்கம் நைந்துபோன புடவையைத் திருப்பி உடுத்துகிறோமே, அதேதான். நைந்த இடம் சக்கரத்துக்கு வராமல் பெட்டிக்குள் இறங்கித் தொங்கியது.

கயிற்றைக் கட்டுவதற்காகத்தான் பெட்டியைத் திறந்தாள். இடப்பக்கப் பெட்டிக்குள் ஒரு கம்பி. அதில் கோத்த இரும்புப் பாளங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. கதவு ஏறும்போது பாளம் இறங்கும். பாளத்தின் கனம் கதவைத் தூக்கிவிடும். தராசின் இரண்டு தட்டு. வண்டியோட்டி ஒற்றைக் கையால் தூக்கிய சூட்சுமம் இதுதான் என்று அவளுக்குப் பெரிய சந்தோஷம். "பாப்பம்மா, இங்க பாரேன்" என்று கூப்பிட்டுக் காட்டினாள்.

வலப்பக்கப் பெட்டியைத் திறந்தாள். அங்கே ஒரு பாளம் குறைந்திருந்தது. கம்பியின் மேல்பகுதி வெறுமையாக, பாளம் இருந்த உயரத்துக்கு மட்டும் துருப்பிடிக்காமல் நின்றது.

மருதம்மாள் இருக்கிற பாளத்தைத் தடவினாள். சதுரம். நட்டநடுவில் ஓட்டை. விரலுக்கு அந்த விளிம்பு பழக்கமானதாக இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிய விளிம்பு.

"பாப்பம்மா."

"என்னக்கா?"

"நம்ம முனியாண்டிய இங்கேருந்துதான் தூக்கிட்டுப் போயிருக்காரு எங்க வீட்டு மனுஷன்."

பாப்பம்மா பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். சட்டென்று தலையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். வயிறு வலித்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்வரை சிரித்தார்கள்.

"கீழ கெடந்ததை என்னன்னு தெரியாம எடுத்திருப்பாரு, பாவம்" என்றாள் மருதம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சாமியைப் போய்க் கேட்க முடியாது. அந்த ஓட்டையில் சூலமும், சூலத்தில் ஊர் நேர்ந்துகொண்ட எலுமிச்சம்பழமும் இருக்கின்றன. மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றில் கயிறு கட்டி, பாளம் இருந்த இடத்தில் மாட்டி, ஆற்றுக்கல்லை நிரப்பினாள். நிரப்பும்போது கம்பி கீழே நழுவாமல் இருக்க வழி வேண்டியிருந்தது. அதற்கும் பெட்டியைச் செய்த தச்சன் யோசித்திருந்தான். பெட்டியின் பக்கப்பலகையில் வெளியே தெரியாத மாதிரி ஒரு துளை. அதில் நீள ஆணியைச் செருகினால் பாரம் ஆணியின்மேல் உட்கார்ந்துகொள்ளும், இறங்காது. அந்த நேரத்தில் கதவைத் தூக்கினால் முழுக் கனமும் தூக்குகிறவன் தலையில். ஆணியை உருவினால் பாரம் இறங்கிவரும். மருதம்மாள் கதவோரம் கிடந்த துருப்பிடித்த ஆணி ஒன்றை அதற்குள் விட்டு இழுத்து, விட்டு இழுத்துப் பார்த்தாள். வேலை முடிந்து உருவும்போது அது வளைந்து ஒடிந்தது. தூக்கி எறிந்தாள்.

முட்டுக்கட்டையை எடுத்துக் கதவை இறக்கினார்கள். மருதம்மாள் குனிந்து ஒரு கையைக் கொடுத்தாள். கதவு எழுந்தது. கோழி இறக்கையை விரிக்கிற மாதிரி லேசாக எழுந்து மேலே போய் நின்றது.

"நான், நான்" என்று பாப்பம்மா வந்து இறக்கித் தூக்கினாள். மறுபடியும் இறக்கித் தூக்கினாள். "அடேயப்பா. இனிமே இதை நானே தூக்கிருவேன். அண்ணன் எதுக்கு?"

இருவரும் அதற்கும் சிரித்தார்கள்.

லயத்து வீட்டில் அம்மாசி சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் விட்டிருந்தது, உடம்பில் வலு திரும்பவில்லை. நிலவேம்புக் கஷாயத்தைக் குடித்த முகம் அப்படியே கோணியிருந்தது. மருதம்மாள் கப்பியில் ஆரம்பித்து, கொய்யாக்கட்டை, தலைமாற்றிய கயிறு என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். கடைசியில் முனியாண்டிக்கு வந்தாள். அவனும் சிரிப்பான் என்று நினைத்தாள்.

அவன் சிரிக்கவில்லை. "யாரு பாத்தா?" என்றான்.

"பாப்பம்மா மட்டும்தான்."

"கிராணி?"

"லோரி வரும்போதுதானே வருவாரு."

"ஒத்தக் கையில தூக்கினியா?"

"ஒத்தக் கையில."

"அந்தப் பாப்பம்மாவும்?"

"அவளும்தான். 'அண்ணன் எதுக்கு'ன்னு கேலி வேற."

அம்மாசி தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்போதுதான் மருதம்மாளுக்கு உறைத்தது. ஒரு பாளத்தைத் தெரியாமல் எடுக்க முடியாது. கதவைத் தூக்கி முட்டுக் கொடுத்து, பெட்டியைத் திறந்து, கம்பியிலிருந்து உருவ வேண்டும். அதைச் செய்தவனுக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும். கதவு தானாகக் கனக்கவில்லை. அம்மாசி அதைக் கனக்க வைத்தான். அந்தக் கனம்தான் அவனை இத்தனை நாள் சயாமுக்குப் போகாமல் பிடித்து வைத்திருந்தது. அதைத்தான் அவள் ஒரு பகலில் இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா சும்மா இருந்திருப்பியா நீ? எப்படிக் கழட்டினேன்னு பாக்கப் போயிருப்பே."

அது உண்மைதான்.

"தகரத்தை எடுத்துரட்டுமா?"

"எடுத்தா நான் எப்படித் தூக்குவேன்? நிக்கவே காலு நடுங்குது." அவன் சுவரைப் பிடித்து எழுந்து, நின்று, மறுபடியும் உட்கார்ந்தான். "லேசா இருந்தா நான் வேணாம். கனமா இருந்தா என்னால முடியாது. சாயங்காலம் அவனுங்க முன்னாடி என்ன செய்யச் சொல்றே?"

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. பெரிய ரோட்டுப் பக்கம் லோரிச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. மருதம்மாளின் கண் அறையைச் சுற்றி வந்தது. அடுப்பு, கஷாயச் சட்டி, சுவரில் தொங்குகிற அவன் சட்டை. சட்டை மாட்டியிருந்த ஆணி நீளமானது, நல்ல கனமானது. துரை காலத்து ஆணி. அவள் எழுந்து போய்ச் சட்டையை எடுத்து அவன் மடியில் போட்டாள். ஆணியைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினாள். சுண்ணாம்பு உதிர்ந்தது. ஆணி கையோடு வந்தது. விரலில் உருட்டி அதன் பருமனைப் பார்த்துக்கொண்டாள்.

"போட்டுக்க" என்றாள். "வலப்பக்கம் பெட்டி ஓரமாத்தான் நீ நிக்கணும். தூக்குறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் ஒரு கை வை. பெட்டித் துளையில இந்த ஆணி இருக்கிறவரைக்கும் கதவு யாருக்கும் லேசா எழும்பாது, நீ அதை உருவிட்டுத் தூக்கு. வேற யாரையும் அங்க நிக்க விடாதே."

"பாப்பம்மா வாயை என்ன செய்வே?" என்றான் அம்மாசி. சட்டையின் ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக நின்றான். "மருதா, எவ்வளவு நாளைக்கு இப்படி?"

அவள் ஆணியை முந்தானையில் முடிந்துகொண்டு, தலையைக் குனிந்து வாசற்படி தாண்டிப் போய்விட்டாள்.